இரண்டு பாதி

புதுவயலில் அரவை நின்றுபோன மில்லின்
நெல் கொட்டுகிற கூடத்தில்
ஏழடி உயரத்துக்கு உட்கார்ந்திருக்கிறாள் முத்துராக்கு.
கண்மாய் மண். உள்ளே முறுக்குக் கம்பி.
கவிழ்த்த சிமெண்டுச் சட்டிமேல் குந்தி
வலது கையால் வெயில் மறைத்து
யாரையோ பார்க்கிறாள்.

நிஜ முத்துராக்கு நாலே முக்கால் அடி.
கழனிவாசல் பக்கம் மூன்றாவது மாடிக்குக்
கலவை தூக்குகிறாள்.
ஆறு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தாள்.
கூலியை எண்ணி வாங்கிப் போனாள்.

கோடு எங்கே போடுவது?
முன்பக்கம் இந்த இடத்தோடு முடிகிறது என்று
மனுசி உடம்பில் எங்கும் எழுதியில்லை.
ஈர்க்குச்சியால் உச்சியில் கீறத் தொடங்கி
காதுக்குப் பின்னால் இறங்கினேன்.
கழுத்தில் இரண்டு முறை அழித்தேன்.
தோள் ஏறி, அக்குள் புகுந்து, விலா வழியே வந்தபோது
ரவிக்கையின் பக்கத் தையல்மேல்தான்
என் கோடு போய்க்கொண்டிருந்தது.
எந்த ஊர்த் தையல்காரரோ,
எனக்கு முன்பே யோசித்திருக்கிறார்.

கோட்டை ஒட்டி நாலு விரல் அகலத்தில் மண் வரப்பு.
வரப்பு நெடுகக் கோலிக்குண்டை அமுக்கிக் குழி.
ஒரு பாதியின் மேடு
மறு பாதியின் பள்ளத்தில் போய் உட்கார வேண்டும்.

நூறுக்கு மூன்று கலக்கு என்கிறது
சிலிக்கான் டப்பா.
டப்பாவில் எழுதியவர்
சித்திரையில் புதுவயலுக்கு வந்ததில்லை.
காலை பதினோரு மணிக்குக் கலக்கியது
வாளியிலேயே இறுகி
பிரஷ் நட்டுக்குத்தாக நின்றது.
பிறகு நூறுக்கு ஒன்றரை,
அதுவும் ராத்திரி பத்துக்குமேல்.

முதல் பூச்சு கஞ்சித்தண்ணியாட்டம்.
மூக்கோரம், இமைக்கடி, விரலிடுக்கு,
குமிழி நிற்கும் இடமெல்லாம்
வாயால் ஊதிக்கொண்டே போனேன்.
விடியும்போது எனக்குத் தலை சுற்றியது.
அவள் முகம் பால் ஏடு படர்ந்தது போல் இருந்தது.
அதன்மேல் கெட்டிப் பூச்சு, வலைத்துணி, மறுபடி பூச்சு.
அதற்குமேல் பிளாஸ்டரில் நனைத்த தேங்காய் நார்,
சவுக்குக் கம்பு.

முன்பாதி முடிந்து வரப்பை எடுத்துவிட்டு
பின்பாதிக்குப் போகுமுன்
ரப்பர் விளிம்பெங்கும் வாசலின் தடவ வேண்டும்.
ரப்பருக்கு ரப்பரைக் கண்டால் விடாது.
இடது கணுக்காலில் ஒரு சாண்
சேவுகன் மறந்துவிட்டான்.
யாரும் திட்டிக்கொள்ளவில்லை.
பிளேடால் அறுத்தோம், கோணலாக.
இனி எத்தனை முத்துராக்கு பிறந்தாலும்
அந்தக் கணுக்காலில் ஒரு வடு இருக்கும்.

நாலு பேர், இரண்டு கடப்பாரை, பத்துப் பதினைந்து மர ஆப்பு.
சாக்கிலிருந்து வெல்லம் பிரிகிற மாதிரி ஒரு சத்தம்.
மண் கை முழங்கையோடு வந்துவிட்டது.
தலை மூன்று துண்டு.
எட்டு மாதம் செய்தவளை
மண்வெட்டியால் வாரித் தொட்டியில் போட்டேன்.
தண்ணீர் ஊற்றியதும்
வெறும் கண்மாய் வாசனை.

அச்சுக்குள் மூக்கு ஒரு பள்ளம்.
கன்னம் ஒரு பள்ளம்.
ஆனால் தள்ளி நின்றால் முகம் வெளியே புடைக்கிறது.
நான் நடந்தால் திரும்புகிறது,
களிமண்ணாக இருந்தபோது ஒருநாளும் செய்யாததை.
சேவுகன் அதன்மேல் சாக்கைப் போட்டு மூடினான்.

ஞாயிற்றுக்கிழமை அவளே வந்தாள், வேலை இல்லாமல்.
பின்பாதி மல்லாந்து கிடந்தது.
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கி
அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து பார்த்தாள்.
“தொளதொளன்னுல்ல இருக்கு” என்றாள்.

கானாடுகாத்தான் ஓட்டலுக்கு என்று சொன்னேன்.
வாசலுக்கு இந்தப் பக்கம் ஒன்று,
அந்தப் பக்கம் ஒன்று.

“அப்ப ரெண்டு ஆள் கூலி தருவீகளா?”

சேவுகன் சிரித்தான்.
அவள் சிரிக்கவில்லை. நெற்றிமேல் கை வைத்து
கதவு வழியே விழுந்த வெயிலில்
என்னைத்தான் பார்த்தாள்.

நோட்டில் எல்லாம் இருக்கிறது:
ரப்பர் முப்பத்தெட்டு கிலோ,
சவுக்கு பதினாறு, பார்சல் லாரி வாடகை,
முத்துராக்கு ஆறு ஞாயிறு.
அதற்குக் கீழே
‘இரண்டாவது ஆள்’ என்று எழுதி
எதிரே தொகை போடாமல் வைத்திருக்கிறேன்.
ராத்திரி ஆகட்டும்.
வெயிலில் எது கலக்கினாலும்
சீக்கிரம் இறுகிவிடுகிறது.