நோ தொக்கெஸ்

கொடிகாமத்தில் இரவு ஒன்பது. யாமிலேக்குக் காலை பத்தரை.
திரைக்குள்ளே அவள் கோப்பி குடிக்கிறாள்.
எனக்கு முழங்காலில் இன்னும் முகமாலை மண்.

வாற மாசியில் அங்கே போறன்,
அவளின்ர மலைச்சரிவில் கண்ணிவெடி எடுக்கப் பழக்க.
அதுதான் மறிக்கிற சொல்லுகளில் இருந்து தொடங்கினனாங்கள்.
சோறு கேட்கவே இன்னும் தெரியாது எனக்கு.

தொக்கார் எண்டால் தொடுறது.
‘தொ’வில் தொடங்குறதாலே கொஞ்சம் சொந்தம் மாதிரி.
எங்களுக்கு ஒரு ‘ஆதை’ காணும்:
தொடாதை, கடக்காதை, கிண்டாதை.
அங்கே வாலை மாத்தினால் வயிறும் மாறவேணும்.

நேற்று வயிற்றை மாத்தாமல் எழுதிப்போட்டன்.
யாமிலே வாசிச்சாள்: தொஸெஸ்.
சிரிச்சதில் கோப்பி சிந்திச்சுது.
‘நீ இருமுறேல்லை’ எண்டு பலகை நட்டால்
ஆர் நிற்பான்?

சத்தம் தப்ப வேணுமெண்டால்
‘ஸே’ இறங்கி ‘கூ’ ஏற வேணும்,
பக்கத்தில் ஒரு ‘ஊ’.
அந்த ஊ வாய் திறவாது.
காசு கட்டாதை, நோ பாகெஸ்:
அதுக்குள்ளும் அதே ஊ, ஊமையாய்க் காவல்.
நாங்கள் அடிக்கிற சிவப்புத்தலைக் குச்சியும் இப்பிடித்தான்.
ஒண்டும் சொல்லாது.
அதுக்கு இஞ்சாலை நிண்டால் கால் மிஞ்சும்.

எங்கட ‘க’ வேற மாதிரி.
காகம் எண்டு எழுதிப்பார்,
ரெண்டு சத்தத்துக்கும் ஒரே முகம்.
அவையள் முகத்தை மாத்திச் சத்தத்தைக் காக்கினம்.
முகாம் அட்டையில் என்ர பேர் ஒரு மாதிரி,
கடவுச்சீட்டில் இன்னொரு மாதிரி.
கூப்பிட்டால் திரும்பிறது நான்தான்.

நோ குரூஸெஸ், கடக்காதை.
‘நோ’வை எடுத்துவிட்டால்
சிலுவைகள் எண்டும் பொருளாம்.
இதைச் சொல்லேக்கை யாமிலே சிரிக்கேல்லை.

பயிற்சியில் பத்து வினை.
ஏழாவது புஸ்கார். தேடுறது.
விதி தெரியும். ஸே, கூ, ஊமை ஊ, எல்லாம் தெரியும்.
ஆனால் என்ர சம்பளமே தேடுறதுக்குத்தான்.
அம்மா சம்பளமில்லாமல் தேடுறா,
மாதக்கடைசியில் கிளிநொச்சிக்கு பஸ் ஏறி,
அண்ணாவின்ர படத்தை
புடவைக்கடைப் பைக்குள்ளே மடங்காமல் வைச்சு.
அந்தக் கோட்டை வெறுமையாய் விட்டு
தாளைப் படம் பிடிச்சு அனுப்பினன்.

விடிய வந்து கிடந்தது.
எட்டுக்குச் சரி, ஒண்டுக்குப் பிழை.
ஏழாவதை அவள் தொடேல்லை.