மரக்கால்

பாகலூர் சாலையில் லேத் பட்டறைக்கு மேலே
நாலாயிரம் வாடகை அறை.
இருவருக்குமாக ஒரே ஒரு கருப்பு ஷூ.
ஆம்பூரில் கழிவு என்று ஒதுக்கிய ஆக்ஸ்போர்டு,
இடது நாக்கில் தையல் ஒரு கோணல்,
நாக்கை யார் பார்க்கிறார்கள்?
அளவு எட்டரை.
இருதயராஜுக்கு எட்டு. எனக்கு ஒன்பது.

பெங்களூரில் யாருக்கு இண்டர்வியூவோ
அன்று அவனுடையது ஷூ.
அவன் முனையில் பஞ்சு திணித்துக்கொள்வான்.
நான் இருப்பதிலேயே மெல்லிய சாக்ஸில்
அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டும்வரை
விரல்களை மடக்கியபடியே உட்கார்ந்திருப்பேன்.

ஐப்பசியில் ஒருமுறை முழுக்க நனைந்து வந்தான்.
காலையில் பார்த்தால்
ஷூவின் மூக்கு மேலே வளைந்து
மாத்திரை வேண்டாமென்று அழும் குழந்தை மாதிரி.
பேப்பர் சுருட்டித் திணித்தோம்.
ஈரம் குடித்த பேப்பர் கல்லாகி
உள்தோலில் ஒரு டெண்டர் விளம்பரத்தைத்
தலைகீழாக அச்சடித்துவிட்டது.
அன்றிரவே முடிவானது:
ஷூ ட்ரீ வாங்குவது.

தாலுகா ஆபீஸ் பக்கம் ஷபீர் பாய் கடை.
முதலில் எடுத்துப் போட்டது பிளாஸ்டிக்,
நீள ஸ்பிரிங், நுனியில் கோலிகுண்டு.
'நூத்தி எண்பது. ஆனா வேணாம்.
பின்னால ஒரே இடத்துல குத்தும்,
மூணு மாசத்துல குதிகால் புடைச்சுக்கும்.'
அடுத்தது மரம், கண்ணாடி மாதிரி பளபளப்பு.
அதையும் அவரே தள்ளி வைத்தார்.
'வார்னிஷ் அடிச்சா வியர்வையைக் குடிக்காது.
வாய்க்கூடை போட்ட மாடு.'
கடைசியாக, அட்டைப்பெட்டியிலிருந்து
பாலிஷ் காணாத தேவதாரு:
குதிகாலை முழுசாக நிரப்பும் கட்டை,
நடுவே பிளந்த முன்பாதம்,
அகலத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு.
மோந்து பார்த்தோம்.
பென்சில் சீவிய வாசனை.
விலை, ஷூவின் விலையில் முக்கால்.
இருதயராஜ் என்னைப் பார்த்தான்.
நான் மின்விசிறியைப் பார்த்தேன்.
வாங்கினோம்.

கழற்றியதும், சூடு ஆறுவதற்குள் மரத்தைப் போடு.
ஒருநாள் முழுக்க அப்படியே விடு.
தோலை இழுக்காதே, தாங்கு, அவ்வளவுதான்.
இது பாய் சொன்னது.
நான் செய்தது:
அவன் குறட்டை தொடங்கியதும்
திருகை இரண்டு சுற்று விரிப்பேன்.
ஒன்பதுக்கு வரட்டும்,
கொஞ்சம் கொஞ்சமாக,
யாருக்கும் வலிக்காமல்.

ஏழு மாதம்.
ஷூ அரை நூல்கூட அசையவில்லை.
நல்ல தோல் என்று நினைத்துக்கொண்டேன்.

பொம்மசந்திராவில் அவனுக்கு வேலை கிடைத்தது.
ஷூவை அவன் எடுத்துக்கொள்வது,
மரத்தை நான் வைத்துக்கொள்வது.
'மரம் இல்லாம எப்படிடா?'
'தினமும் உன் கால் இருக்குமே உள்ளே.'
ஓசூர் பேருந்து நிலையத்தில்
படியில் ஒரு கால் வைத்தபடி சொன்னான்:
'ராத்திரி நீ விரிச்சதை
விடிகாலைல நான் சுருக்கி வச்சிருவேன்.
தினமும் ரெண்டே சுத்து.'
கண்டக்டர் விசில் ஊதினார்.
அவன் சிரித்தானா, தெரியவில்லை,
ஜன்னல் அந்தப் பக்கம்.

பிறகு அந்தத் திருகை நான் தொடவில்லை.
ஜன்னலோரம் இரண்டு பாதங்கள்
மலைக்கோயிலைப் பார்த்துக் கிளம்பத் தயாராக நின்றன,
ஆள் இல்லாமல்.

வரும் செவ்வாய் எனக்கு இண்டர்வியூ.
மரக்காலால் நெல் அளப்பார்கள்.
நான் இந்த மரக்கால்களைப் பையில் போட்டு
கடை கடையாக ஷூ அளக்கிறேன்.
'மரத்துக்கு ஷூ வாங்க வந்த மொத ஆள்
நீங்கதான்' என்றார் பாய்.
ஒன்பது எடுத்துக் கொடுத்தார்.
என் கால் மடங்காமல் நுழைந்தது,
முதன்முறையாக ஐந்து விரலும் நீட்டி.
மரத்தைப் போட்டுப் பார்த்தேன், லொடலொடவென்று ஆடியது.
'திருகைத் திருப்புங்க தம்பி,
அதுக்குத்தானே வச்சிருக்கான்.'

தெரியும் என்றேன்.
கொஞ்சம் பஞ்சு இருக்கிறதா என்று கேட்டேன்.