ஒரே நேரத்தில்

ஸோஹாரில் மழை.
வாதி பெருகி, ஃபலஜ் போகும் சாலையை
ஓரமாகக் கடித்துத் தின்றிருந்தது.
ஆறே காலுக்கு ஆபீஸ் குழுவில் ஒற்றை வரி:
இன்று எல்லோரும் வீட்டிலிருந்தே.

எழுதியவருக்கு எளிது.
நாற்பத்தொரு மடிக்கணினிகள்
ஒரே கதவைத் தட்டப்போவது
எனக்குத்தான் தெரியும்.

அந்தக் கதவு
சர்வர் அறையில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி.
ஐந்நூறு பேரைத் தாங்கும் உடம்பு அதற்கு.
தாங்கிக்கொள் என்று நாங்கள் காசு கட்டியது
இருபத்தைந்து பேருக்கு.
பக்கத்தில் இன்னொரு பெட்டி,
முதலாவது செத்தால் எழுந்துகொள்ள.
அது தூங்குவதற்கும்
வருடா வருடம் உரிமக் கட்டணம்.

ஜனவரியில் விலைப்பட்டியல் வாங்கிக் கொடுத்தேன்:
இன்னும் ஐம்பது பேர், மூன்று வருடம்.
ஷெரீஃப் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்,
"போன வருஷம் ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை?"
ஒன்பது என்றேன்.
பொய் சொல்லியிருக்கலாம்.

ஒரே நேரத்தில்.
இதை விளக்க மேலாளர்களுக்கு எட்டு ஸ்லைடு போட்டேன்.
டிரைவர் குலாம் நபிக்கு ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.
"எங்க ரூம்ல ஆறு கட்டில், ஒன்பது பேர்.
நைட் ஷிஃப்ட்காரன் படுக்கும்போது
தலையணை இன்னும் சூடா இருக்கும்" என்றார்.

எட்டு மணிக்குப் பதினான்கு.
எட்டரைக்கு இருபத்திரண்டு.
எட்டு நாற்பதுக்கு மரிசெல் அழைத்தாள்:
"உள்ளே விடமாட்டேன்கிறது, டெல்பின்.
சம்பளக் கோப்பு பத்தரைக்குள் பேங்குக்குப் போகணும்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்."

என் திரையில் இருபத்தைந்தும் பச்சை.
ஷெரீஃப், மடிக்கணினியில்.
ஷெரீஃப், கைப்பேசியில்.
ஒரு மனிதர், இரண்டு இடம்,
இரண்டிலும் நாற்பது நிமிடமாக ஒரு பைட் அசையவில்லை.
அறுத்தால் பத்து நொடியில்
தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும் கருவி,
பதினோராவது நொடியில் அவர் குரல்.

பிறகு, தவசீலன்.
விசா ரத்தாகி, டிக்கெட் எடுத்து,
ஊர் போய் மூன்று வாரம் ஆகிறதே இவர்?
சுட்டி 'துண்டி'யின் மேல் நிற்க, மெசேஜ் போட்டேன்.
உடனே பதில் வந்தது:
"ஸ்டோர் கணக்க முடிச்சுக் குடுத்தாத்தான்
செட்டில்மென்டுன்னாங்க மேடம்.
இன்னும் ரெண்டே ரேக்."

நாட்டில் இடம் போய்விட்டது,
பெட்டிக்குள் இருந்தது.
சுட்டியை நகர்த்திக்கொண்டேன்.

பட்டியலை மேலிருந்து கீழே மறுபடி பார்த்தேன்.
பதினேழாவது பெயர் என்னுடையது.

வெளியே போனால்
பெட்டி எனக்குத் தெரியாது:
யாரைச் சேர்த்தது, யாரைத் தள்ளியது,
உயிரோடுதான் இருக்கிறதா, எதுவும்.
நேரில் ஓடவும் சாலை இல்லை.
"மூணு எண்ணு, அப்புறம் அழுத்து" என்று
மரிசெல்லிடம் சொல்லிவிட்டு
என்னை அறுத்துக்கொண்டேன்.

அதன் பின் செய்ய ஒன்றுமில்லை.
பால்கனிக் குழாயில் சேறு அடைத்திருந்ததை
கரண்டிக் காம்பால் குத்திக்கொண்டிருந்தேன்.
நீர் வட்டமாகச் சுற்றி
மெதுவாக, ஒரே ஓட்டை வழியே, இறங்கியது.

மதியம் குலாம் நபி ஒரு படம் அனுப்பினார்.
வங்கிச் செய்தி, நூற்று நாற்பது ரியால்.
கீழே எழுதியிருந்தார்: மழையிலும் வந்துவிட்டதே!

ஞாயிற்றுக்கிழமை பெட்டியிடம் அறிக்கை கேட்டேன்.
அனுமதி இருபத்தைந்து.
உச்சப் பயன்பாடு இருபத்தைந்து.
"அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கே" என்றார் ஷெரீஃப்.
வெளியே நின்ற பதினாறு பேருக்கு
அதில் ஒரு கட்டம்கூட இல்லை.

விலைப்பட்டியல் மறுபடி கேட்டிருக்கிறேன்.
இந்த முறை ஒரே ஒரு ஆளுக்கு, கூடுதலாக.
அப்படி விற்பதில்லையாம்.