மார்பளவு

சட்டை முதுகில் ‘வழிகாட்டி’ என்று இரண்டு மொழியில் அச்சு.
விசாவில் நான் தோட்டக்காரன்.
நான்கு நாற்பதுக்கு உம்முல் குவைன் கழியில்
படகின் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஸ்டைனார் வந்தார்.
ருவைஸில் குழாய்களுக்குக் கணக்குப் பார்ப்பவர்.
மார்பு வரை ரப்பர் கால்சட்டை,
தோளில் இரண்டு வார்,
நெற்றியில் அப்போதே வியர்வை.
“தண்ணீரே முப்பது டிகிரி, சார்” என்றேன்.
“அக்டோபர் என்றால் இதுதான் உடுப்பு” என்றார்,
ஞாயிறு பூசைக்குக் கோட்டு மாட்டுகிறவர் போல.

படகில் நின்று வீசமாட்டாராம்,
ஆற்றில் இறங்கித்தான் பழக்கம்.
இது ஆறில்லை, ஏற்றத்தில் உள்ளே வரும் கடல்,
வற்றத்தில் வெளியே போகும் அதே கடல்
என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் இருந்தது.
சொல்லவில்லை.
மணிக்கு இருநூற்றைம்பது திர்ஹம், அர்பாபுக்கு.

அலையாத்தி வளைவில் இறக்கிவிட்டேன்.
பாதத்தைத் தூக்காதீர்கள், இழுங்கள்,
மணலுக்குள் திருக்கை படுத்திருக்கும்.
இழுத்து இழுத்து நடந்தார்.
பூநாரைகள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டன.
முட்டத்தில் இப்படி முட்டளவுத் தண்ணீரில் நின்று
நூல் வீசினால் சின்னப் பிள்ளைகள்கூடச் சிரிப்பார்கள்.

அவர் ஊரில் சால்மன் என்று ஒரு மீன்.
இலை உதிரும் மாதத்தில் கடலை விட்டுப்
பிறந்த ஆற்றுக்கே ஏறுமாம்.
அருவியில் எகிறி, விழுந்து, எகிறுமாம்.
ஆற்றுக்குள் வந்தபின் ஒன்றும் தின்னாதாம்.
“தின்னாத மீன் தூண்டிலை ஏன் கடிக்கிறது?”
வீசப்போன கையை நிறுத்தினார்.
“கோபமாக இருக்கலாம்” என்றார். பிறகு,
“யாருக்கும் தெரியாது.”

பிறந்த ஆறு, திரும்புதல் என்றெல்லாம்
என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.
அந்த உவமையை நான் வாங்கிக்கொள்ளவில்லை.
எனக்கு லீவு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை,
அறுபது நாள்.
போகிற வழியெல்லாம் தின்றுகொண்டேதான் போவேன்.

ஆறு இருபதுக்கு நீவாடு திரும்பியது.
ஓரிடத்தில் மட்டும் தண்ணீரின் தோல் சுருங்கியது.
“இடப்பக்கம், பத்துப் பாகம், அந்தக் குச்சிக்கு முன்னால்.”
இறகில் கட்டிய பொய்மீன் விழுந்தது.
கட்டா எழுந்தது, முழு உடம்பும் வெளியே,
விரல் பதித்தாற்போல விலாவில் ஆறு புள்ளி.
ரீல் அலறியது.
அவரும் ஏதோ அலறினார், ஆங்கிலமில்லை.

கண்ணாலேயே எடை போட்டேன். ஏழு கிலோ.
குளச்சல் ஏலத்தில் இன்றைக்கு என்ன விலை போகும்
என்று வாய்க்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே
கொக்கியைக் கழற்றி, ஒரு படம் எடுத்து,
மீனை என் கையில் தந்தார்:
“மூச்சு திரும்பும்வரை பிடி.”

பதினாறு வயதிலிருந்து மீன் பிடிக்கிறேன்.
சாகாமல் இருப்பதற்காக ஒன்றைப் பிடித்ததில்லை.
வாலடியில் ஒரு கை, வயிற்றடியில் ஒரு கை,
ஓட்டத்துக்கு எதிரே முகம்.
செவிள் திறந்தது, மூடியது,
மறந்தது,
திறந்தது.
உள்ளங்கையில் ஒரே இடி. கை காலி.

“எங்கே பிறந்திருக்கும்?”
“கடலில்.”
“எந்த இடத்தில்?”
கடலிடம் அப்படிக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

ஒன்பது மணிக்குள் வெயில் எங்களைக் கரைக்கு ஏற்றியது.
கால்சட்டையைக் கவிழ்த்தபோது அரை வாளி கொட்டியது,
வியர்வை எவ்வளவு, கழி எவ்வளவு, தெரியாது.
“இந்த ஊருக்கு ஆகாது, நீ வைத்துக்கொள்” என்றார்.

அறைக்கதவு ஆணியில் தொங்குகிறது.
ஏசி ஓடும்போதெல்லாம் கால்கள் கொஞ்சம் நடக்கின்றன.
அடுப்பில் இரண்டு ஷேரி,
வருகிற வழியில் பாலத்தடியில் ரொட்டிக்கு மாட்டியவை.
அவற்றின் மூச்சுக்கு நான் காத்திருக்கவில்லை.
குமில்லாக்காரன் ஷொஹிதுல்
ரப்பரைக் கிள்ளிப் பார்த்து,
வெள்ளிச் சந்தையில் எண்பது போகும் என்கிறான்.
நூற்றிருபது கேள் என்றேன்.