சாலை வழியே ஒரு வல்லூறு

முகம் காட்டக் கூடாது. அதுதான் முதல் விதி.
சரிவில் நிற்கும் ஓக் மரத்தில் கட்டிய பெட்டிக்குப் பின்னால்
ஏணியின் ஏழாம் படியில் மூச்சடக்கி நின்று
பிளாஸ்டிக் குழாய் வழியே காடைத் துண்டுகளைத் தள்ளிவிடுவேன்.
உள்ளே ஐந்து குஞ்சுகளின் சண்டை,
கிழிபடும் சத்தம்,
பிறகு அலகை மரத்தில் துடைக்கும் சத்தம்.
அவற்றுக்கு நான்
பெட்டியின் இருட்டு மூலையிலிருந்து விழும் இறைச்சி,
அவ்வளவுதான்.

கருவி மாட்டும் நாளில் மட்டும்
கண்ணுக்கு முக்காடிட்டுக் கையிலெடுத்தோம்.
வெலிஸ்லாவ் பட்டையை முதுகில் முடிந்தான்.
ஒரு சுண்டுவிரல் நுழையும் இடைவெளி வேண்டும்:
இறுக்கினால் புண்ணாகும், தளர்த்தினால் இறக்கை சிக்கும்.
இருபது கிராம்.
ஒரு சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் குறைவு.
இனி எங்கே போனாலும்
ஒரு குருவியை முதுகில் சுமந்தே போகும் வல்லூறு.

வளையத்தில், வண்டு கால் விரித்தாற்போல் எங்கள் எழுத்தொன்று,
பக்கத்தில் நான்கு.
வண்டு நான்கு என்றே அவளைச் சொன்னோம்.

ஜூன் ஒன்பது, விடியுமுன்
அறுபது மீட்டர் கயிற்றை இழுத்துப் பெட்டியின் முகப்பைத் திறந்தேன்.
யாரும் வரவில்லை.
திறந்த வானத்தை வெகுநேரம்
ஏதோ பழுதான சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.
மதியம் வண்டு நான்கு விளிம்புக்கு வந்தாள்,
சிறகை விரித்தாள், காற்று அவளைத் தட்டிவிட்டது.
சூரியகாந்திக் காட்டில் போய் விழுந்தாள்.
ஓடிப் போய்த் தூக்கக் கூடாது. அதுவும் விதி.
என் தொடையை நானே கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பரில் கிளம்பினாள்.
மூன்று மணிக்கொரு புள்ளி.
ஏஜியன் கடல்மேல் புள்ளிகள், கிரீட்டில் ஓர் இரவு,
பிறகு நீலத்தில் வெறும் நான்கு புள்ளிகள்,
பிறகு மண்.
அன்று நான் அலுவலகத்தில் தனியாகக் கை தட்டினேன்.

அக்டோபர் பதினாறு.
பெங்காசிக்குத் தெற்கே, வேகம் அறுபத்திரண்டு, உயரம் தரையோடு தரை.
வேகம் கூடினால் கருவி ஐந்து நிமிடத்துக்கொரு புள்ளி வைக்கும்,
வைத்தது:
நேராகப் போகிறாள். வளைவில் வளைகிறாள்.
ஓரிடத்தில் பத்து நிமிடம் நிற்கிறாள்.
வரைபடத்தைப் பெரிதாக்கினேன். பெட்ரோல் பங்க்.

வெலிஸ்லாவ் வெளியே போய் ஜீப்பைக் கழுவினான்.
காலையில்தான் கழுவியிருந்தான்.

அதன்பின் அசைவு பூஜ்யம்.
பட்டையை மட்டும் அறுத்தார்களா, யாரிடம் விற்றார்கள்,
எந்த மணிக்கட்டில் இப்போது உட்கார்ந்திருக்கிறாள்,
உட்கார்ந்துதான் இருக்கிறாளா,
கருவிக்கு அதெல்லாம் தெரியாது.
அதற்கு வெயில் வேண்டும், வெயில் பட்டால் பேசும்.
தினமும் சூரியன் எழுந்ததும் இரண்டு மணி நேரம் பேசியது,
ஊர் விளிம்பில் ஒரு வீட்டிலிருந்து.
கிழக்கு பார்த்த ஜன்னல், அதன் மேடையில்
யாரோ அதை வைத்திருக்கிறார்கள்.

இங்கே பனி. ஏணியில் பனி, குழாயில் பனி.
காபியோடு நான் அந்த ஜன்னலைத் திறப்பேன்.
டிசம்பரில் பேச்சு தாமதமானது.
ஜனவரியில் ஆறு நாள் மௌனம். திரை போட்டிருந்தார்களோ,
வீட்டில் யாருக்கோ காய்ச்சலோ.
திட்டத்தான் நினைத்தேன் அவர்களை.
எட்டாம் நாளும் பேசாவிட்டால் என்ற கவலை எப்போது வந்ததென்று தெரியவில்லை.
அவர்களும் எனக்கு முகம் காட்டவில்லை.

மே மாதம், புதுக் குஞ்சுகள் வந்த வாரம்,
அந்தப் புள்ளி நகர்ந்தது.
உயரம் பதினெட்டு மீட்டர். வேகம் நான்கு.
வீட்டின் மேலேயே இப்படியும் அப்படியும்.
நாற்காலி சாய நான் எழுந்தேன்.
வெலிஸ்லாவ் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தான்,
மறுபடி பார்த்தான்.
"ராலிட்சா," என்றான், "பட்டம்.
ஏதோ ஒரு பையன் பட்டத்தின் வாலில் கட்டியிருக்கிறான்."

மாலைவரை பறந்தது.
அன்றைய அட்டவணையில் வண்டு நான்குக்கு நேரே
கணினி தானாகவே "பறக்கிறது" என்று எழுதியிருந்தது.
தவறான பதிவுகளை நீக்குவது என் வேலை.

நீக்கவில்லை.
காடை வெட்ட நேரமாகியிருந்தது,
மேலே ஆறு பேர் பசியோடு கத்திக்கொண்டிருந்தார்கள்.