கரண்டி நிற்கும் கோப்பை

முதலில் கண்ணாடி.
ஒல்லியான உயரக் குவளைகள் எட்டு இருந்தன எங்களிடம்,
பெயோவின் அத்தை கல்யாணத்துக்குத் தந்தவை.
ஐஸ் இரண்டு போட்டால் மூன்றாவது மூக்கில் இடிக்கும்.
பில்பாவோவில், மழைக்கு ஒதுங்கிய கடையில்,
வயிறு பெருத்த கோப்பைகளைக் கண்டேன்.
காம்பைப் பிடித்துத் தூக்கினால்
ஒரு சின்ன மீன்தொட்டியைத் தூக்குவது மாதிரி.
ஆறு வாங்கினால் தள்ளுபடி என்றான் கடைக்காரன்.
நாலு பேருக்கு நாலு போதும் என்றேன்.
அன்றைக்கு நாங்கள் மூன்று பேர்தான்.

அப்புறம் அளவு.
பெயோ கண்ணால் ஊற்றுகிறவன்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கண்,
நாற்பது டன்னை நூல் பிசகாமல் இறக்கும்.
ஜின் பாட்டிலைச் சரிக்கையில் மட்டும்
அதற்கு எங்கிருந்தோ தாராளம் வந்துவிடும்.
இடுப்பு ஒடுங்கிய எஃகுக் கிண்ணம் ஒன்று வாங்கி வைத்தேன்,
ஒரு வாய் ஐம்பது, மறு வாய் இருபத்தைந்து.
"வீட்டுக்குள்ளேயே சுங்கச்சாவடியா?" என்றான்.
ஆமாம்.

ஷேக்கர் வீண்.
குமிழ் உள்ளதைக் குலுக்கினால் கூரைதான் குடிக்கும்.
அதில் இப்போது துணிக்கிளிப்புகள் இருக்கின்றன.
முறுக்குத் தண்டு வைத்த நீளக் கரண்டியும்
வீண் என்றுதான் நினைத்திருந்தேன்.

இதையெல்லாம் நான் கற்றது ஜின்னுக்காக அல்ல.

போன மார்ச்சில் மேல்வீட்டு நெகானே குடியை நிறுத்தினாள்.
ஏன் என்று அவள் சொல்லவில்லை.
படிக்கட்டுக்குத் தெரியும். நாங்கள் கேட்கவில்லை.
அந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு ஆரஞ்சு ஜூஸ் கொடுத்தேன்,
கரடிப் படம் போட்ட பிளாஸ்டிக் டம்ளரில்.
மூன்று மணி நேரம்,
பாஸ்போர்ட் வரிசையில் நிற்பவள் போல,
இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.
அடுத்த வெள்ளி வரவில்லை.
அதற்கடுத்ததும்.

டானிக்குகளை நான் சுவைக்கத் தொடங்கியது அப்போதுதான்.
தனியே, மதியத்தில், சிங்க் ஓரமாய் நின்று.
ஒன்று வெறும் சர்க்கரைப் பாகு.
ஒன்றில் பூ வாசம், சாவு வீட்டு லிஃப்ட் போல.
ஒன்றுக்கு விலை அதிகம், குமிழ் குறைவு,
பேச்செல்லாம் லேபிளில்.
கடைசியில், மீனவர் சங்கக் கடையின் அடித்தட்டில்
தூசியோடு கிடந்தது ஒரு குட்டிப் பாட்டில்:
நாக்கின் வேரைப் பிடித்துக் கிள்ளும் கொய்னாக் கசப்பு.
ஜின் ஊற்றினால் அந்தக் கசப்பு ஒளிந்துகொள்கிறது.
ஜின் இல்லாமல்தான் அதற்கு முழு உயரம்.

குட்டிப் பாட்டில்தான் சரி.
பெரியதைத் திறந்தால் இரண்டாம் கோப்பைக்குள் உயிர் போய்விடும்.
ஐஸ் பெரிய கட்டியாக, விளிம்புவரை;
கஞ்சத்தனம் காட்டினால் சீக்கிரம் உருகிப் பழிவாங்கும்.
எலுமிச்சைத் தோல், வெள்ளை ஒட்டாமல்.
ஜூனிபர் காய் மூன்று, கரண்டி முதுகால் நசுக்கி.
நாலு கோப்பையும் ஒரே அச்சு.

அதுதான் பயம்.
பெயோ பேசிக்கொண்டே எடுத்து நீட்டுகிறவன்.
அரை இருட்டில் கை மாறிவிட்டால்?

வீணென்று நினைத்த கரண்டியை
அவள் கோப்பையில் நிற்க விட்டேன்.

நேற்று வந்தாள்,
தலையில் தூறலோடு, கோட்டைக் கழற்றாமல்.
கரண்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
ஒரு சுற்றுச் சுற்றினாள்; ஐஸ் மணியடித்தது.
"கசக்குதே," என்றாள்.
"அப்பாடா."
பிறகு, தொங்கு பாலத்தின் கடைசி வண்டியைத் தவறவிட்டு
ஆற்றுக்கு அந்தக் கரையில் நின்று கத்திய
ஒரு மாப்பிள்ளையின் கதையைச் சொன்னாள்.
அந்தோனி சிரித்த சிரிப்பில் ஆலிவ் தட்டு கவிழ்ந்தது.
பெயோ எஃகுக் கிண்ணத்தை இரண்டு தடவை ஏமாற்றினான்.
பார்த்தேன். விட்டுவிட்டேன்.

இரவு ஒரு மணிக்குக் கோப்பைகளைக் கழுவினேன்,
வெதுவெதுப்பான நீரில், காம்பைத் திருகாமல்.
கழுவுமுன் ஒவ்வொன்றாய் முகர்ந்தேன்.
நாலிலும் அதே காட்டு வாசம்.
கரண்டியைத் தேடினேன், காணோம்.

மேலே, அவள் சமையலறையில்,
எதிலோ அது மெல்ல இடிக்கும் சத்தம்.
என்ன கலக்குகிறாள் என்று
நான் கேட்கவில்லை.