வகை: எளிது

தாமரைக்கரை தாண்டி இடப்பக்கம் திரும்பினால்
வனத்துறையின் பச்சைப் பலகை.
தூரம்: ஒன்பது கிலோமீட்டர்.
வகை: எளிது.
கீழே யாரோ கரியால் ஒரு யானை வரைந்திருந்தார்கள்,
தும்பிக்கையை மட்டும் மறந்துவிட்டு.

வண்டி ஏலத்தில் எடுத்தது.
ஈரோட்டில் ஒரு ஷெட்டுக்குப் பின்னால்
எருக்கஞ்செடி முளைத்துக் கிடந்த ஜீப்.
டிங்கர் வேலைக்கு மட்டும் நாற்பதாயிரம்.
நீலம் அடிக்கச் சொன்னேன்.
"ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குக் காட்டுவண்டி எதுக்குங்க்கா?"
என்றார் பெயிண்டர் மயில்சாமி.
ஞாயித்துக்கிழமைக்கு என்றேன்.

துணைக்கு அனுப்பிய வாட்சர் கெம்பி.
இருபத்தாறு வயது, காக்கிச் சட்டை,
காலில் ரப்பர் செருப்பு.
முன்னால் இடமிருந்தும் பின்னால் ஏறி
ஸ்டெப்னி மேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

மாட்டுவண்டித் தடமாம் இது.
உப்பு மேலே போனது, ராகி கீழே வந்தது.
வெள்ளைக்காரன் வந்து அகலப்படுத்தி
மரத்தை இறக்கினான்.
"சந்தனம்?" என்று கேட்டேன்.
"அதுக்குத் தடம் எதுக்குங்க்கா,
அது ராத்திரியில போவும்."

உசிலமரத்தடியில் புலிகுத்திக் கல்.
ஈட்டி பாதி புலியின் வாய்க்குள்,
புலியின் நகம் அவன் தொடைமேல்.
பேர் எழுதவில்லை.
சுற்றுவட்டாரத்தில் இங்கே மட்டும்தான்
சிக்னல் கிடைக்கும் என்பதால்
வீரனின் தலைமேல் போனை நிறுத்தி
ஸ்பீக்கரைப் போட்டு
கேஸ் சிலிண்டர் வந்ததா என்று
மாமியாரைக் கேட்டாள்.
வரவில்லை.
வீரனும் புலியும் அதைக் கேட்டபடி
அடுத்த அடி எடுத்து வைக்காமல் நின்றார்கள்.

மேட்டில் திணறாத வண்டி,
பாறையில் சறுக்காத வண்டி,
ஏழாவது கிலோமீட்டரில்
உள்ளங்கை மாதிரிச் சமமான பள்ளத்தில்
பொடிமணலில் பின்சக்கரம் புதைந்து நின்றது.

உண்ணிச்செடி ஒடித்துவந்து சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள்.
குனிந்தவள் நிமிரவில்லை.
பம்பருக்குக் கீழே கல் பட்டு
நீலம் பெயர்ந்திருந்தது.
உள்ளே பச்சை.
பச்சைமேல் பாதி அழிந்த
வெள்ளை எண்கள்.

"இது முன்னால யாரு வண்டிங்க?"

"போலீசு ஏலம்."

விரல் நகத்தால் இன்னும் கொஞ்சம் சுரண்டினாள்.
"எங்கப்பன ஏத்திட்டுப் போனது இப்பிடி ஒண்ணுதானுங்க.
நா அப்ப அம்மா வவுத்துல.
இதேதானான்னு தெரியாது.
அப்ப வந்ததெல்லாம் ஒரே பச்சை.
பதினோரு நாள் கழிச்சு
அந்தப் பலகைகிட்ட எறக்கி உட்டாங்களாம்.
இந்த ஒம்போது கிலோமீட்டரு
ரெண்டு ராத்திரி நடந்தாராம்."
மணலைத் தட்டிவிட்டாள்.
"பலகை அப்ப இல்லீங்க."

பிஸ்டன் ரிங்குக்கும் பேரிங்குக்கும்
வாயிலேயே விலை வைத்திருப்பவள் நான்.
"சீட்டெல்லாம் புதுசு கெம்பி,
ரெக்சின் மாத்திட்டேன்" என்றேன்.
ஏன் அதைச் சொன்னேன் என்று
இன்றுவரை தெரியவில்லை.

அவள் சீட்டைப் பார்த்தாள்.
"ரிவர்ஸ் எடுங்க்கா, நா தள்றேன்."

மூன்றாவது உறுமலில் வண்டி ஏறியது.
அவள் சட்டை முழுக்க மணல்.
நான் முன்கதவைத் திறந்து பிடித்தேன்.
"மிச்சம் ரெண்டுதானுங்க,
நடந்துக்கறேன்."

முன்னால் அவள்.
பின்னால், முதல் கியரில்,
அவள் செருப்புத் தடத்தின் மேல் நான்.
இஞ்சின் சூடு முள் ஏறிக்கொண்டே போனது.
ஹாரன் அடிக்கும் தைரியம் எனக்கில்லை,
ஒதுங்கும் எண்ணம் அவளுக்கில்லை.
தடத்தின் நடுவில்
சாணியை மிதித்துவிடாமல் தாண்டி,
காட்டுநெல்லி ரெண்டு பொறுக்கி
ஒன்றைக் கடித்துக்கொண்டு
சாவகாசமாய்ப் போனாள்.

மூங்கில் புதர் இருட்டும் இடத்தில்
ஒரேயொரு தடவை திரும்பினாள்.

"லைட்டப் போடுங்க்கா.
எனக்கில்லீங்க,
ஆனைக்கு."